முனியைக் கூண்டில் ஏற்ற முடியுமா?

அத்தியாயம் 19

இது ஐந்தாவது தடவை.

முதல் தடவை மருத்துவ அறிக்கை வரவில்லை. இரண்டாவது தடவை மாஜிஸ்திரேட் மாற்றலாகிப் போயிருந்தார். மூன்றாவது தடவை அரசுத் தரப்பு வழக்கறிஞருக்குக் காய்ச்சல். நான்காவது தடவை எதற்காகத் தள்ளி வைத்தார்கள் என்று துளசிக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அதே நீலச் சேலை, அதே லீவு விண்ணப்பம். அவள் கூட்டித் துடைக்கும் பள்ளிக்கூடத்தில் மேற்பார்வையாளர் குமுதாவிடமிருந்து அதே கேள்வி: “மறுபடியும் கோர்ட்டாக்கா?”

மறுபடியும் கோர்ட்தான். வேறெங்கே போகப் போகிறாள், சிங்கப்பூருக்கா?

காலை ஏழரைக்குப் புந்தோங் அடுக்குமாடியிலிருந்து பழைய கஞ்சில் ரகச் சின்னக் கார் கிளம்பியது. புருஷன் சீனி ஓட்டினார். பக்கத்தில் துளசி. பின் சீட்டில் மகன் தீபன், தன்னிடமிருந்த ஒரே வெள்ளைச் சட்டையில். வயது இருபத்துநான்கு. ஏர்கோன் பழுதுபார்க்கும் வேலை. அப்பாவும் மகனும் பதினான்கு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. பேச வேண்டியதையெல்லாம் துளசியிடம் சொல்வார்கள், அவள் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாள்.

“சாமி வாசல்ல கை நீட்டுனவனுக்கு நான் டிரைவர் வேல பாக்குறேன், பாத்தியா,” என்றார் சீனி, சிவப்பு விளக்கில் நின்றபோது.

“ரோட்ட பாத்து ஓட்டுங்க.”

“ரோட்டதான் பாக்குறேன் லா.”

தீபன் கண்ணாடி வழியாகச் சுண்ணாம்பு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தினம் பார்க்கிற மலைதான். அப்பாவின் பிடரியைப் பார்க்காமல் இருப்பதற்கு அது உதவியது.

இடையில் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. போன ஆடி திருவிழாவுக்கு முந்தைய ஆடியில், பத்து லிமாவ் என்ற தோட்டத்து முனியாண்டி கோயிலின் பின்பக்கம், தண்ணீர்க் குழாயருகே, கோயில் தலைவர் பத்துமலையின் மண்டை உடைந்தது. பதினொரு தையல். இடது காது கேட்காமல் போனது போனதுதான். போலீஸ் வந்தபோது, சாமியின் பூண் போட்ட தடி தீபன் கையில் இருந்தது. “நான்தான் அடிச்சேன்,” என்றான் அவன். ஊர் நம்பியது.

அடித்தது தீபன் இல்லை. அருள் வந்து ஆடிக்கொண்டிருந்த சீனி. அதைப் பார்த்தவள் துளசி ஒருத்திதான். சாமியாடும் புருஷனுக்குப் பின்னால் சொம்பில் தண்ணீரும் எலுமிச்சையுமாக ஓடுவது முப்பத்தொரு வருடமாக அவள் வேலை. அலறல் கேட்டு ஓடி வந்த தீபன் அப்பாவின் கையிலிருந்து தடியைப் பிடுங்கிக்கொண்டான். சீனி மயங்கி விழுந்தார். எழுந்தபோது தனக்கு எதுவும் ஞாபகமில்லை என்றார். சாமி வந்தவருக்கு ஞாபகம் இருக்காது என்பது தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

தாயும் மகனும் அன்றே முடிவு செய்தார்கள், அவருக்குச் சொல்வதில்லை என்று.

*

கோர்ட்டில் வழக்கம்போல் உட்கார இடமில்லை. கதவில் ஒட்டிய பட்டியலில் தீபன் பெயர் பதினேழாவது. மாஜிஸ்திரேட் ஒரு கூட்டத்தில் இருக்கிறார், பத்தரைக்குத்தான் வருவார் என்றார்கள். பத்தரை பதினொன்றே கால் ஆனது.

சீனி காருக்கே திரும்பிப் போய்விட்டார். இரவு முழுக்க ஒரு கொண்டோமினியத்தின் கேட்டில் ஜாகாவாகக் காவல் நின்றுவிட்டு நேராக வந்தவர். அங்கே கார் வைத்திருக்கும் பிள்ளைகள்கூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஹார்ன் அடிப்பார்கள். வருடத்தில் மூன்று நாள்தான் அவர் ஆள். அந்த மூன்று நாளும் மானேஜர் மகனிலிருந்து லாரி முதலாளிவரை வரிசையில் நின்று அவர் கையால் திருநீறு வாங்கிப் போவார்கள்.

அந்த மூன்று நாளைப் புருஷனிடமிருந்து பறிக்கத் துளசிக்கு மனம் வரவில்லை. அதற்காக மகனைக் கொடுத்தாளா என்று கேட்டால், ஆமாம், கொடுத்தாள். இதை நினைக்காத நாள் இல்லை.

வழக்கறிஞர் பஞ்சலிங்கம் கையில் கோப்போடு வந்தார். அறுபத்தெட்டு வயது. தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர். தோட்டத்து ஆட்களின் வழக்குகளை இவர் எடுப்பதில் சொந்தக்காரர்களுக்கு இன்னமும் ஒரு முனகல் உண்டு. முனகலை அவர் பழகிக்கொண்டுவிட்டார். முட்டி வலியைத்தான் முடியவில்லை.

“தம்பி, இஞ்ச வாங்கோ. அம்மா, நீங்களும் வாங்கோ.”

மாடிப்படி ஓரமாக நின்றார்கள்.

“அரசுத் தரப்பு இறங்கி வருது. ஆயுதத்தால தாக்கினதெண்டத விட்டுட்டு, சும்மா காயப்படுத்தினதா குறைச்சுக்கொள்ளுவாங்கள். குற்றத்த ஒப்புக்கொண்டா அபராதத்தோட போகலாம். ஜெயில் இருக்காதெண்டு நினைக்கிறன்.”

“ஒத்துக்கிறேன் சார்,” என்றான் தீபன்.

“நான் இன்னும் முடிக்கேல்ல. குற்றவாளியெண்டு தீர்ப்பாகும். அது பதிவில நிக்கும். பொம்பா வேலைய மறந்திடோணும்.”

தீயணைப்புப் படைக்குத் தீபன் மூன்று வருடம் முயன்றவன். உடற்தேர்வில் தேறிவிட்டான். வழக்கு முடிந்ததும் வந்து பாருங்கள் என்று கடிதம்கூட வந்திருந்தது. அதை அவன் மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தான்.

“தெரியும் சார். பரவால்ல.”

“எனக்குப் பரவாயில்லாம இல்லை.” பஞ்சலிங்கம் கோப்பைத் திறந்தார். “விசாரணைக்குப் போனா இந்த வழக்க நான் உடைக்கலாம். போலீசில நீ சொன்னது கோர்ட்டில நிக்காது. பத்துமலை, அடிச்சவர பாக்கேல்லையெண்டுதான் சொல்றார். அவற்ற வாக்குமூலம் இப்பதான் என்ர கைக்கு வந்தது. கேளுங்கோ. குழாயில கை கழுவிக்கொண்டு நிண்டாராம். பின்னால யாரோ கூப்பிட்டாங்களாம். திரும்பிறதுக்குள்ள அடி.”

“நான்தான் கூப்பிட்டேன்.”

“என்னெண்டு கூப்பிட்டாய்?”

தீபன் தயங்கினான். “பத்து அங்கிள்னு.”

“இதில ‘டேய் பத்து’ எண்டு இருக்கு.”

மேல் மாடியிலிருந்து ஒரு குடும்பம் அழுதுகொண்டே இறங்கி வந்தது. அவர்களுக்கு வழி விட்டு மூவரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

“கோபத்துல அப்படி கூப்பிட்டிருப்பேன் சார்.”

“உன்ர வயசில மூண்டு மடங்கு அந்த மனுசனுக்கு.” பஞ்சலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாற்பது வருசமா இந்தப் படி ஏறி இறங்கிறன். செய்ததச் செய்யேல்லயெண்டு சொல்ற ஆக்கள்தான் எனக்குப் பழக்கம். மத்தியானம் கூப்பிடுவாங்கள். அதுக்குள்ள அம்மாவும் மகனும் கதைச்சு எனக்கொரு முடிவு சொல்லுங்கோ.”

*

கேண்டீனில் பாலில்லாத கோப்பி ஓ இரண்டு வாங்கி உட்கார்ந்தார்கள். துளசி தன்னுடையதைத் தொடவில்லை.

‘டேய் பத்து’ என்ற அந்தக் குரல் அன்றே அவள் காதில் விழுந்திருந்தது. பதினான்கு மாதமாக விழாத மாதிரி இருந்தாள். மேளச் சத்தத்தில் என்னவோ கேட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். இப்போது அதை ஒருவர் தாளில் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

“தீபன், விசாரணை கேளுடா.”

“வேணாம்மா.”

“லோயர்தான் ஒடைக்கலாம்னு சொல்றாருல்ல?”

“ஒடைச்ச பெறகு? அப்ப யாரு அடிச்சதுன்னு போலீஸ் திரும்ப ஆரம்பிக்கும். யாரு கையில தடி இருந்துச்சின்னு கேக்கும். எங்க போய் நிக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்பா அடிக்கலம்மா. முனி அடிச்சாரு. கோயில கொண்டு போய் கழிவுக் குளத்து ஓரமா வைக்கிறதுக்குப் பத்து அங்கிள் கையெழுத்து போட்டாரு, முனி அடிச்சாரு. அங்கிளுக்கே அது தெரியும், அதான் வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. முனியைக் கூண்டுல ஏத்த முடியுமா? யாராச்சும் ஒரு ஆளு நின்னுதான் ஆகணும். நான் நிக்கிறேன்.”

அவன் அதைச் சத்தமில்லாமல், ஏர்கோனில் எங்கே கசிகிறது என்று வாடிக்கையாளருக்கு விளக்குகிற குரலில் சொன்னான். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்குப் பெருமைப்படுவதா, இவனை இப்படி நம்ப விட்டதற்கு வெட்கப்படுவதா என்று துளசிக்குத் தெரியவில்லை.

“முனி யாரையாச்சும் பேரு சொல்லிக் கூப்பிட்டு நீ கேட்டிருக்கியா?” என்றாள்.

“என்னாது?”

“என்னைய தாயேம்பாரு. ஒன்னைய பாலகா. பத்து அண்ணனையும் பாலகான்னுதான் கூப்பிடுவாரு, தலைவருன்னுகூட பாக்க மாட்டாரு. முப்பத்தொரு வருசம் பின்னாலேயே நின்னவ நான். ஒரு ஆளையும் பேரு சொல்லிக் கேட்டதில்ல.”

தீபன் கோப்பியைக் கலக்கினான். கலக்க அதில் சர்க்கரை எதுவும் மிச்சமில்லை.

“சாமிக்குத் தெரியாத பேரா ம்மா? அன்னிக்குக் கோபத்துல இருந்தாரு.” எழுந்துகொண்டான். “நான் ஒத்துக்கிறேன். ஒரே நாள்ல முடிஞ்சிரும். நீங்களும் லீவு கேட்டு கேட்டு அலையாதீங்க.”

*

கார் நிறுத்துமிடத்தில் மரநிழல் நகர்ந்து போய்விட்டிருந்தது. சீனி முன் சீட்டைச் சாய்த்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். கார் கதவைத் திறந்து துளசி பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே சூடு தாங்கவில்லை.

“முடிஞ்சிருச்சா?”

“இல்ல.”

“எப்பதான் முடியுமோ, தெரியல.”

துளசி சுற்றி வளைக்கவில்லை. அதற்கெல்லாம் அவளிடம் தெம்பு இல்லை.

“பத்து அண்ணன அடிச்சது நீங்க. தீபன் இல்ல.”

துண்டு அசையவில்லை.

“டேய் பத்துன்னு கூப்பிட்டீங்க. அப்புறந்தான் அடிச்சீங்க. நான் பக்கத்துல நின்னேன்.”

சீனி துண்டை எடுத்தார். அவர் கத்துவார், என்னடி உளறுகிறாய் என்பார், சாமிக் குத்தம் என்பார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அதற்கெல்லாம் பதில்கூடத் தயாராக வைத்திருந்தாள்.

“அது முனி இல்லன்னு தீபனுக்குத் தெரியுமா?” என்றார் சீனி.

துளசி அவரையே பார்த்தாள். கேட்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை. பதினான்கு மாதமாக யாரிடமிருந்து இதை மறைத்து வைத்தோமோ, அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தேதான் மகனைத் திட்டினார். தெரிந்தேதான் மகன் தட்டைக் கழுவாமல் வைத்ததற்குக்கூட, கோயில் வாசலில் கை நீட்டினவன் என்று சொல்லிக் காட்டினார்.

“அருள் வந்துச்சு துளசி,” என்றார் சீனி மெதுவாக. “சத்தியமா வந்துச்சு. கெடா வெட்டறப்ப முனி எம்மேல இருந்தாரு. அப்புறம் போயிட்டாரு. வெயில்ல வேர்வை காயிற மாதிரி போயிட்டாரு. எனக்கு நிறுத்தத் தெரியல. எல்லாரும் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாங்க, மேளம் அடிக்கிறாங்க. நான் சும்மா ஆடிக்கிட்டேதான் பின்பக்கம் வந்தேன். அங்க அவன் முதுகு.”

“அதுக்கு?”

“கையெழுத்து போட்டுட்டு வந்து, கறிச்சோறு தின்னுட்டு, கை கழுவிக்கிட்டு இருந்தான்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“தீபன் தடியப் பிடுங்கினப்ப எம் மூஞ்சிய பாத்தான். என்னையப் பாக்கல, சாமியப் பாத்தான். அவன்கிட்ட நான் எப்படி சொல்லுவேன்?” சீனி துண்டால் முகத்தைத் துடைத்தார். “அதுக்கப்புறம் முனி வரவே இல்ல. இந்த ஆடிக்கு முட்டி வலின்னு சொன்னேன்ல? முட்டியில ஒண்ணும் இல்ல.”

அவர்மேல் அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது அலுப்புதான். தலையிலிருந்து கால்வரை அலுப்பு. இந்த ஆள், அந்தப் பையன், நடுவில் தான், ஒருவரிடமிருந்து ஒருவரைக் காப்பாற்றுகிறேன் என்று மூன்று பேருமாகச் சேர்ந்து எதைக் காப்பாற்றினோம் என்று நினைத்தாள்.

“மத்தியானம் கூப்பிடுவாங்க. அவன் ஒத்துக்கப் போறான். பொம்பா வேல போயிரும். ஆயுசுக்கும் குத்தவாளி.”

“ம்.”

“அதுக்கு முந்தி நீங்க எழுந்திரிச்சி சொல்லணும்.”

சீனி ஸ்டீயரிங்கைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். பிறகு சீட்டை நிமிர்த்தினார்.

“சொல்றேன். வா, போலாம்.”

அவர் அப்படிச் சொன்னதில் துளசிக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷமாகவே இருந்தது.

*

இரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் இளம்பெண். பதினாறு வழக்கு முடித்த களைப்பு அவர் முகத்திலும் தெரிந்தது. தீபன் கூண்டில் ஏறினான். மொழிபெயர்ப்பாளர் சுபாஜினி திருத்திய குற்றச்சாட்டை முதலில் மலாயிலும் பிறகு தமிழிலும் வாசித்தார். தீபனுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. இருந்தாலும் விதி விதிதான்.

பஞ்சலிங்கம் திரும்பித் துளசியைப் பார்த்தார். துளசி கடைசி பெஞ்சில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனியைப் பார்த்தாள்.

“இப்ப,” என்றாள்.

“ஃபஹாம்?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார். புரிந்ததா?

“ஃபஹாம், புவான்.” புரிந்தது, அம்மா.

“மெங்காகு சாலா, அத்தாவ் மிந்தா பிச்சாரா?”

ஒப்புக்கொள்கிறாயா, விசாரணை கேட்கிறாயா. தீபன் வாயைத் திறந்தான்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு உறுமல் கிளம்பியது.

எல்லோரும் திரும்பினார்கள். சீனியின் கண்கள் மூடியிருந்தன. கால்கள் தரையில் தடதடவென்று அடித்தன. தோள் குலுங்கியது. பெஞ்சு ஆடியது. வாசலில் நின்ற போலீஸ்காரர் ஓர் அடி வைத்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். வேறு வழக்குக்கு வந்திருந்த ஒரு அம்மாள், “அருள் வந்துருச்சு,” என்று எழுந்து கும்பிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

கூண்டில் தீபனின் கைகளும் தாமாகவே குவிந்தன. அவன் முகத்தில் பயமில்லை. நிம்மதி இருந்தது. கடைசியில் சாமியே வந்துவிட்டார் என்கிற நிம்மதி.

துளசி வழக்கம்போலப் புருஷனின் பிடரியில் கை வைத்தாள். அருள் வந்தால் அந்த இடம் கொதிக்கும், கையை வைத்திருக்க முடியாது. முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இப்போது அங்கே கோர்ட்டின் ஏர்கோன் குளிர்தான் இருந்தது.

“வேணாங்க,” என்றாள் மெதுவாக.

உறுமல் கூடியது.

“எழுந்திரிச்சி சொல்றேன்னீங்க. நீங்களா சொல்லுங்க. அவர இங்க இழுக்காதீங்க.”

சீனி தலையைச் சுழற்றினார். மாஜிஸ்திரேட் ஆம்புலன்ஸ் என்று ஏதோ சொன்னார். போலீஸ்காரர் நெருங்கினார். துளசி எழுந்து நின்றாள். கோர்ட்டில் இப்படிச் சத்தமாகப் பேசக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஐந்து தடவை வந்தவளுக்குத் தெரியாதா?

“தீபன், கையை இறக்கு. அது சாமி இல்ல.”

அவன் புரியாமல் பார்த்தான்.

“அன்னிக்கும் இல்ல,” என்றாள் துளசி.

சீனியின் கால்கள் நின்றன.

மாஜிஸ்திரேட் சுபாஜினியிடம், அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். சுபாஜினி ஒரு கணம் தடுமாறி, கேட்டதைக் கேட்டபடியே மலாயில் சொன்னார். பஞ்சலிங்கம் எழுந்து கொஞ்சம் அவகாசம் கேட்டார். மாஜிஸ்திரேட் கையைக் காட்டி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, தீபனிடம் அதே கேள்வியை மறுபடி கேட்டார், இந்தத் தடவை மெதுவாக.

தீபன் கையை இறக்கியிருந்தான். அப்பா கண்ணைத் திறப்பதற்காக அவன் காத்திருந்தான். சீனி திறந்தார். சாதாரணக் கண். தூக்கம் கெட்டுச் சிவந்த, ஒரு காவலாளியின் கண். மகன் பார்ப்பதைத் தாங்காமல் அது தரைக்குப் போனது.

“மிந்தா பிச்சாரா,” என்றான் தீபன்.

விசாரணை கேட்கிறேன். அதை அவன் மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொல்லவில்லை.